எடையின்மையும் தனிமையும்

நிலவுலகம் நம்மை ஓயாது தன்பால் ஈர்த்துக்கொண்டிருக்கின்றது. நிற்பது, நடப்பது, நீர்க்குடத்தைத் தூக்குவது, மாடிப்படி ஏறுவது ஆகிய எல்லாச் செயல்களிலும் அவ்வீர்ப்பை எதிர்த்தே நம் உடல் தொழிற்படுகின்றது. எலும்பு வலிமை பெற்றிருப்பதும், தசை திரண்டிருப்பதும், காலிலுள்ள குருதி மீண்டும் நெஞ்சுக்கு ஏறிச் செல்வதும் அவ்வீர்ப்புக்கு ஏற்ப அமைந்தவையே. ஆயினும், பிறந்த நாள் தொட்டு உடன் இருப்பதால் அதனை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை.

நாம் எண்ணிப் பாராத துணை மற்றொன்றும் உண்டு. அது பிறருடைய கூட்டுறவு. வீட்டில் பெற்றோர், பள்ளியில் தோழர், தெருவில் அண்டை அயலார் என்று யாரேனும் எப்போதும் நம்மைச் சூழ்ந்திருக்கின்றனர். நம் நலத்தைத் தாங்கும் தூண்களுள் இதுவும் ஒன்று என்பதை, அஃது இல்லாதபோதுதான் உணர்கின்றோம்.

வான்வெளிக்குச் செல்லும் மனிதன் இவ்விரண்டனையும் ஒருங்கே இழக்கின்றான். அவனுக்கு எடை இல்லை. இரண்டொருவர் அல்லது ஐந்தாறு பேர் தவிர வேறு துணையும் இல்லை. 2000-ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் முதல் பன்னாட்டு விண்வெளி நிலையத்தில் மக்கள் இடையறாது வாழ்ந்து வருகின்றனர். அதற்கு முன்னரே, ‘மீர்’ என்னும் உருசிய நிலையத்தில் வலேரி பொல்யாகோவ் என்னும் மருத்துவர் 1994, 1995 ஆகிய ஆண்டுகளில் தொடர்ந்து 437 நாள் தங்கினார். செவ்வாய்க் கோளுக்குச் செல்வதாயின், போவதற்கு மட்டும் ஆறு முதல் ஒன்பது திங்கள் வேண்டும். அத்தகைய நெடும்பயணத்தில் உடல் நலிவுறின், அந்நலிவு எடையின்மையால் வந்ததா, தனிமையால் வந்ததா, இரண்டும் கூடியதால் வந்ததா? காரணத்தை அறியாமல் மருந்து தேட முடியாது. இவ்வினாவிற்கு விடை காண்பதில் மனிதனுக்குத் துணை நின்ற சிற்றுயிர் சுண்டெலி. அவ்வரலாற்றை இப்பாடத்தில் காண்போம்.

எடையின்மை யாது?

வான்வெளியில் புவியீர்ப்பு இல்லை என்று பலர் கருதுகின்றனர். அக்கருத்துப் பிழையானது. பன்னாட்டு விண்வெளி நிலையம் தரையிலிருந்து ஏறத்தாழ 400 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றி வருகின்றது. அவ்வுயரத்தில், தரைமீதுள்ள ஈர்ப்பில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்கு அளவு ஈர்ப்பு உள்ளது. அங்ஙனமாயின் அங்குள்ளோர் மிதப்பது எங்ஙனம்?

காம்பு இற்று விழும் மாங்காய் ஒன்றை நினைத்துக் கொள்ளுங்கள். அதன்மீது ஓர் எறும்பு ஊர்ந்து கொண்டிருக்கின்றது. மாங்காயும் விழுகின்றது, எறும்பும் அதே வேகத்தில் விழுகின்றது. ஆதலின், தரையைத் தொடும் வரையில் எறும்பு மாங்காயை அழுத்துவதில்லை. மாங்காயும் எறும்பைத் தாங்குவதில்லை. அந்நொடியில் எறும்புக்கு எடை இல்லை. விண்வெளி நிலையமும் இவ்வாறே விழுந்து கொண்டிருக்கின்றது. ஆனால், அது நொடிக்கு ஏறத்தாழ ஏழரைக் கிலோமீட்டருக்கு மேற்பட்ட வேகத்தில் பக்கவாட்டில் விரைவதால், விழுந்தும் தரையைத் தொடாமல் உலகைச் சுற்றி வருகின்றது. நிலையமும் அதனுள் இருப்பவரும் ஒருங்கே விழுவதால் எடையின்மை உண்டாகின்றது.

எடை இல்லாத உடலில் பல மாறுதல்கள் நேர்கின்றன. காலில் தங்கவேண்டிய நீர்மம் மேல் நோக்கி நகர்வதால், முகம் உப்பிக் கால்கள் மெலிகின்றன. உடலைத் தாங்கும் வேலை இல்லாமற் போவதால் கெண்டைக்கால் தசையும் தொடைத் தசையும் சுருங்குகின்றன. தக்க பயிற்சி செய்யாவிடின், இடுப்பு முதலிய பகுதிகளில் உள்ள எலும்பின் செறிவு திங்கள்தோறும் நூற்றுக்கு ஒன்று முதல் ஒன்றரைப் பங்கு வரை குறைகின்றது. இதனைத் தடுப்பதற்காகவே, விண்வெளி வீரர் நாள்தோறும் ஏறத்தாழ இரண்டு மணி நேரத்தை உடற்பயிற்சிக்கு ஒதுக்குகின்றனர்.

அழுத்தமும் சுரப்பிகளும்

எடையின்மையாயினும் தனிமையாயினும், பழகிய நிலை மாறும்போது உடலும் உள்ளமும் ஒருவகை அழுத்தத்திற்கு ஆளாகின்றன. இவ்வழுத்தத்தை அளந்தறிய இயலும் என்று காட்டியவருள் முதன்மையானவர் ஹான்ஸ் செலியே என்னும் அறிஞர். அவர் கனடா நாட்டு மான்ட்ரீல் நகரில், மெக்கில் பல்கலைக்கழகத்தில் ஆய்வு செய்தார். எலிகளின் உடலில் உறுப்புச் சாறுகளைச் செலுத்திப் புதிய சுரப்பு நீர் ஒன்றைக் கண்டறிய முயன்றபோது, அவ்வெலிகளிடம் மூன்று மாறுதல்களைக் கண்டார். அட்ரினல் சுரப்பிகள் பருத்திருந்தன. நெஞ்சுப் பகுதியில் உள்ள தைமஸ் சுரப்பி சுருங்கியிருந்தது. இரைப்பையிலும் குடலிலும் புண்கள் தோன்றியிருந்தன. முதலில் இவை அச்சாற்றின் விளைவு என்றே அவர் எண்ணினார். பின்னர், கடுங்குளிரில் வைத்த எலிகளிடமும், அளவுக்கு மிஞ்சி உழைக்கச் செய்த எலிகளிடமும், நச்சுப் பொருள்கள் ஊட்டிய எலிகளிடமும் அதே மாறுதல்களைக் கண்டு வியந்தார். துன்பங்கள் வெவ்வேறாயினும், உடல் காட்டும் மறுமொழி ஒரு பொதுத்தன்மை உடையது என்னும் உண்மையை 1936-ஆம் ஆண்டில் ‘நேச்சர்’ என்னும் இதழில் வெளியிட்டார்.

அம்மறுமொழி நிகழும் முறை இது: மூளையின் அடிப்பகுதியில் உள்ள ஹைப்போதலாமஸ் என்னும் பகுதி இடரை உணர்ந்து, தன் கீழுள்ள பிட்யூட்டரி சுரப்பிக்குச் செய்தி விடுக்கின்றது. பிட்யூட்டரி சுரப்பி குருதியின் வழியே அட்ரினல் சுரப்பிகளுக்கு ஏவல் அனுப்புகின்றது. சிறுநீரகங்களின்மேல் தொப்பி கவிழ்த்தாற்போல் அமைந்துள்ள அட்ரினல் சுரப்பிகள் உடனே ஒரு சுரப்பு நீரைக் குருதியில் கலக்கின்றன. மனிதனிடத்தில் முதன்மையாகச் சுரப்பது கார்ட்டிசால்; சுண்டெலியிடத்தில் கார்ட்டிகோஸ்டிரோன். அச்சுரப்பு நீர் உடலில் சேமித்து வைத்த ஆற்றலை வெளிக்கொணர்ந்து, இடரை எதிர்த்து நிற்க வகை செய்கின்றது.

சிறு பொழுதுக்கு இஃது உயிர்காக்கும் ஏற்பாடு. பாம்பைக் கண்டு துள்ளி விலகுபவனுக்கு இவ்வாற்றல் வேண்டும். ஆனால், இடர் நீங்காமல் நாட்கணக்கில் நீடிக்குமாயின், காவலே சுமையாகிவிடுகின்றது. ஓயாத ஏவலால் அட்ரினல் சுரப்பி பருக்கின்றது; நோயை எதிர்க்கும் ஆற்றல் குன்றுகின்றது; எலும்பும் தசையும் நலிகின்றன. எனவே, அட்ரினல் சுரப்பியின் எடை, குருதியில் உள்ள கார்ட்டிகோஸ்டிரோனின் அளவு, நோய் எதிர்க்கும் வெள்ளையணுக்களின் விகிதம் ஆகிய மூன்றும், ஒரு சுண்டெலி எத்துணை அழுத்தத்திற்கு ஆளாகியுள்ளது என்பதைக் காட்டும் அடையாளங்களாக அறிஞர்க்குப் பயன்படுகின்றன.

தரையில் அமைந்த வான்வெளி

விண்வெளிக்கு உயிர்களை அனுப்பி ஆய்வதற்குப் பெரும்பொருள் வேண்டும். வாய்ப்புகளும் மிகச் சில. தரையிலேயே எடையின்மையை உண்டாக்க முடியுமா? உயர்ந்த கோபுரத்திலிருந்து ஒரு பெட்டியைக் கீழே விழவிட்டால், ஐந்து நொடி அளவே எடையின்மை கிட்டும். வானூர்தியை வில்போல் வளைந்த பாதையில் ஏற்றி இறக்கினால், ஒவ்வொரு வளைவிலும் இருபது நொடிக்குச் சற்று மேல் கிட்டும். எலும்பு தேய்வதைக் காண இந்நொடிகள் போதா, நாட்கள் வேண்டும்.

இக்குறையைப் போக்க, அமெரிக்க நாட்டு நாசா நிறுவனத்தைச் சேர்ந்த ஏம்ஸ் ஆராய்ச்சி நிலையத்தில், 1970-களில் எமிலி மோரி-ஹோல்ட்டன் என்னும் அம்மையாரும் அவருடைய துணைவரும் ஒரு முறையை உருவாக்கினர். முதலில் எலிகளுக்கு அமைந்த அம்முறை பின்னர்ச் சுண்டெலிகளுக்கும் ஏற்ற வகையில் திருத்தப்பெற்றது. சுண்டெலியின் வாலில் மென்மையான பட்டை ஒன்றைப் புண்படாவண்ணம் ஒட்டி, அதனைக் கூட்டின்மேல் உள்ள கம்பியில் ஓடும் சிறு உருளையோடு இணைப்பர். அதனால் உடலின் பின்பகுதி உயர்ந்து நிற்கும். தலை தாழ்ந்து, உடல் தரையோடு ஏறத்தாழ 30 பாகைச் சாய்வில் இருக்கும். பின்னங்கால்கள் தரையைத் தொடமாட்டா. முன்னங்கால்களோ தரையில் ஊன்றியிருக்கும். உருளை கம்பியில் ஓடுவதாலும் சுழல்வதாலும், சுண்டெலி முன்னங்கால்களால் நடந்து சென்று தீனி தின்னவும் நீர் பருகவும் இயலும்.

இஃது உண்மையான எடையின்மை அன்று. சுண்டெலியின்மீது புவியீர்ப்பு முன்போலவே இயங்குகின்றது. ஆயினும், பின்னங்கால்கள் உடலைத் தாங்காமையாலும், நீர்மம் தலைப்பக்கம் நகர்வதாலும், வான்வெளியில் நேரும் முதன்மையான மாறுதல்கள் இங்கும் நேர்கின்றன. பின்னங்கால் தசைகள் மெலிகின்றன, எலும்பு தேய்கின்றது. ஆதலின், இம்முறை உலகெங்கும் உள்ள ஆய்வுக்கூடங்களில் பரவியது. எலும்பையும் தசையையும் ஆய்வதற்கென்று தோன்றிய முறையை, நாளடைவில் நெஞ்சு, மூளை, நோய் எதிர்ப்பாற்றல் ஆகியவற்றை ஆய்வதற்கும் கையாளலாயினர்.

மறைந்திருந்த மற்றொரு காரணம்

இம்முறையில் ஒரு நுட்பமான இடர்ப்பாடு இருந்தது. இரண்டு சுண்டெலிகளை ஒரே கூட்டில் தொங்கவிட்டால், கம்பிகள் சிக்கிக்கொள்ளும். ஒன்று மற்றொன்றின் பட்டையைக் கடித்துவிடவும் கூடும். எனவே, பெரும்பாலான ஆய்வுகளில் ஒவ்வொரு சுண்டெலியும் தனிக் கூட்டில் வைக்கப்பட்டது. கூட்டை அமைத்தோர்க்கு இஃது ஒரு வசதி. சுண்டெலிக்கோ இது பெரிய மாறுதல்.

சுண்டெலி தனித்து வாழும் உயிரன்று. உறங்கும்போது ஒன்றன்மேல் ஒன்று நெருங்கிக் கிடக்கும். அதனால் குளிர் நீங்கி வெம்மை பெறும். ஒன்றின் மயிரை மற்றொன்று கோதிவிடும். மணத்தாலும், மனிதச் செவிக்கு எட்டாத மெல்லொலியாலும் ஒன்றோடொன்று உறவாடும். இத்தகைய உயிரைத் தனியே பிரித்து வைத்தால், அப்பிரிவே அதன் நடத்தையையும் உடற்செயலையும் மாற்றவல்லது. ஆகவே, தனிக் கூட்டில் தொங்கும் சுண்டெலி இரண்டு துன்பங்களுக்கு ஆளாகின்றது. ஒன்று, தொங்கல், மற்றொன்று, தனிமை. ஆய்வின் முடிவில் காணும் மாறுதலை முழுதும் தொங்கலின் விளைவு என்று எழுதிவிடலாமா? அவ்வாறு எழுதின், ஒருவன் செய்த குற்றத்திற்கு மற்றொருவனைப் பொறுப்பாளி ஆக்கியதாக முடியும் அன்றோ?

மனிதரை வைத்து ஆய்வோர் இவ்விரண்டு காரணங்களையும் பிரித்துப் பார்த்துள்ளனர். தலை ஆறு பாகை தாழ்ந்த படுக்கையில் தாமே உடன்பட்டவரைப் பல வாரங்கள் படுக்க வைத்து, எடையின்மையை ஒத்த நிலையை ஆய்ந்துள்ளனர். மாஸ்கோ நகரில் 2010-ஆம் ஆண்டு சூன் முதல் 2011-ஆம் ஆண்டு நவம்பர் வரை ஆறு பேர் அடைபட்ட அறைகளில் 520 நாள் வாழ்ந்து, செவ்வாய்ப் பயணத்தைப் போன்ற தனிமையை மேற்கொண்டனர். நாட்கள் செல்லச் செல்ல அவர்களுடைய நடமாட்டம் குறைந்தது. சிலருக்கு உறக்கத்தின் ஒழுங்கு கெட்டது. ஆனால், அவர்களுக்கு எடையின்மை இல்லை. இரண்டும் கூடும்போது என்ன நிகழும் என்பதைச் சுரப்பியின் எடை வரை சென்று நுணுகி அறியச் சுண்டெலிகளின் ஆய்வே வேண்டியதாயிற்று.

நான்கு குழுக்கள்

ஏம்ஸ் நிலையத்து ஆய்வாளர் தம் பழைய கூட்டைத் திருத்தி அமைத்தனர். தொங்கும் நிலையிலேயே இரண்டு சுண்டெலிகள் ஒரே கூட்டில் உடனுறையுமாறு புதிய கூடு அமைந்தது. பின்னர், வளர்ந்த பெண் சுண்டெலிகளை நான்கு வகையாகப் பிரித்து 30 நாள் வைத்திருந்தனர். முதல் வகை, இணையாக வாழ்ந்து இயல்பாக நடமாடியவை. இரண்டாம் வகை, இணையாக வாழ்ந்து தொங்கியவை. மூன்றாம் வகை, தனித்து வாழ்ந்து இயல்பாக நடமாடியவை. நான்காம் வகை, தனித்து வாழ்ந்து தொங்கியவை. ஆய்வின் முடிவுகள் 2019-ஆம் ஆண்டில் வெளியாயின.

இப்பகுப்பின் அருமையை மாணவர் கூர்ந்து நோக்குதல் வேண்டும். முதல் வகையையும் இரண்டாம் வகையையும் ஒப்பிட்டால், தனிமை கலவாத தொங்கலின் விளைவு புலப்படும். முதல் வகையையும் மூன்றாம் வகையையும் ஒப்பிட்டால், தொங்கல் கலவாத தனிமையின் விளைவு புலப்படும். மூன்றாம் வகையோடு நான்காம் வகையை ஒப்பிட்டால், முன்னரே தனிமையில் வாடும் உயிருக்குத் தொங்கல் என்ன செய்கின்றது என்பது புலப்படும். கணக்கில் தெரியாத எண்ணைக் காண்பதற்குத் தெரிந்த எண்களை நிரல்பட எழுதிக் கழிப்பது போன்றதே இம்முறை.

கண்ட முடிவுகள் யாவை? எலும்பும் தசையும், தனித்துத் தொங்கிய சுண்டெலிகளிடமும் இணையாகத் தொங்கியவற்றிடமும் ஒருங்கே நலிந்தன. தோழமை இருந்தும் எலும்பு தேய்ந்தது. தோழமை இன்றியும் தேய்ந்தது. ஆகவே, எலும்பையும் தசையையும் பற்றிப் பழைய தனிக் கூட்டு ஆய்வுகள் கூறியவை பழுதுபடவில்லை. குருதியில் கார்ட்டிகோஸ்டிரோன் அளவும், முப்பதாம் நாளில், தொங்கிய இரு வகைகளிலும் உயர்ந்தே இருந்தது.

நோய் எதிர்ப்பாற்றலில் வேறுபாடு தோன்றியது. வெள்ளையணுக்களுள் ‘சி.டி. 4’ வகை டி அணுக்கள் என்று ஒரு பிரிவு உண்டு. நோய்க்கிருமி புகுந்தவுடன் பிற அணுக்களை ஏவிப் போரை நடத்தும் படைத்தலைவர் போன்றவை அவை. தனித்துத் தொங்கிய சுண்டெலிகளிடம் அவ்வணுக்களின் விகிதம் குறைந்தது. இணையாகத் தொங்கியவற்றிடம் அக்குறைவு காணப்படவில்லை.

எல்லாவற்றினும் வியப்புக்குரியது அட்ரினல் சுரப்பியைப் பற்றிய முடிவு. இணையாக வாழ்ந்த சுண்டெலிகளைத் தொங்கவிட்டபோது, அச்சுரப்பி பருத்தது. தனித்து வாழ்ந்த சுண்டெலிகளைத் தொங்கவிட்டபோதோ, அது மேலும் பருக்கவில்லை. தனிமையில் இருப்பதற்கன்றோ துன்பம் மிகுதி? அவ்வாறிருக்கச் சுரப்பி பருக்காமை ஏன்? விடை மூன்றாம் வகைச் சுண்டெலிகளிடம் இருந்தது. தொங்கவிடப்படாமல் இயல்பாக நடமாடியபோதே, தனித்து வாழ்ந்தவற்றின் அட்ரினல் சுரப்பி இணையாக வாழ்ந்தவற்றின் சுரப்பியைவிடப் பருத்திருந்தது. தனிமை முன்னரே சுரப்பியைப் பருக்கச் செய்துவிட்டமையால், தொங்கலின் விளைவு தனியே வெளிப்படவில்லை என்று கொள்ள இடமுண்டு.

தனிக் கூட்டுச் சுண்டெலிகளை மட்டும் ஒருவர் ஆய்ந்திருந்தால் எம்முடிவுக்கு வந்திருப்பார்? “நடமாடிய சுண்டெலிக்கும் தொங்கிய சுண்டெலிக்கும் அட்ரினல் சுரப்பி ஒத்தே உள்ளது, ஆதலின் தொங்கல் அதனைப் பாதிப்பதில்லை” என்று எழுதியிருப்பார். அளவையில் பிழை இராது. கணக்கிலும் பிழை இராது. ஆயினும் முடிவு பிழையாகும். ஒரு துன்பத்தின் நிழலில் மற்றொரு துன்பம் மறைந்துகொண்டதே அதற்குக் காரணம்.

கூட்டலும் புணர்ச்சியும்

இரண்டு துன்பங்கள் சேர்ந்தால் விளைவும் இருமடங்காகும் என்றே நாம் பொதுவாக எண்ணுகின்றோம். ஒன்றும் ஒன்றும் இரண்டு என்னும் கூட்டற் கணக்கு நம் மனத்தில் ஊன்றியுள்ளது. ஆனால், உயிர்களின் உடலில் நிகழ்வது கூட்டலைவிட நம் இலக்கணத்தில் வரும் புணர்ச்சியையே பெரிதும் ஒத்திருக்கின்றது. நிலைமொழியும் வருமொழியும் சேரும்போது, சிலவிடத்து மாறுதல் ஒன்றும் இன்றி இயல்பாகப் புணர்கின்றன. ‘வாழை’யும் ‘மரமு’ம் சேர்ந்து ‘வாழைமரம்’ ஆகின்றது. சிலவிடத்து இல்லாத எழுத்து ஒன்று தோன்றுகின்றது. ‘வாழை’யும் ‘பழமு’ம் சேர்ந்து ‘வாழைப்பழம்’ ஆகின்றது. சிலவிடத்து இருந்த எழுத்தே கெடுகின்றது. ‘மரமு’ம் ‘வேரு’ம் சேர்ந்து ‘மரவேர்’ ஆகின்றது.

தொங்கலும் தனிமையும் சேர்ந்தவிடத்தும் இம்மூவகையும் காணப்பட்டன. எலும்பின் தேய்வு தனிமையால் மாறாமல் இயல்பாக நின்றது. ‘சி.டி. 4’ அணுக்களின் குறைவு, இணையாகத் தொங்கியபோது இல்லாதது, தனிமையும் கூடியவழித் தோன்றியது. அட்ரினல் சுரப்பி தொங்கலால் பருப்பது, தனிமை கூடியவழிப் புலப்படாது கெட்டது. சொற்களைப் பிரித்தறியாதவன் பொருளைத் தவறாகக் கொள்வதுபோல, காரணங்களைப் பிரித்தறியாதவன் நோயைத் தவறாகக் கொள்வான்.

வான்வெளியில் சுண்டெலிகள்

தரையில் செய்த ஆய்வுகளோடு அறிஞர் நின்றுவிடவில்லை. 2014-ஆம் ஆண்டில் பெண் சுண்டெலிகள் பன்னாட்டு விண்வெளி நிலையத்துக்கே அனுப்பப்பட்டு, அவற்றுக்கெனச் செய்த கூடுகளில் கூட்டமாக வாழ்ந்தன. ஒளிப்படக் கருவிகள் அவற்றின் நடத்தையைப் பதிவு செய்தன. எடையற்ற அந்நிலையிலும் அவை கூட்டின் கம்பி வலையைப் பற்றிக்கொண்டு தீனி தின்றன, நீர் பருகின, தம் மயிரைக் கோதின, ஒன்றோடொன்று நெருங்கிக் கிடந்தன. சில நாட்களுக்குப் பின்னர், இளைய சுண்டெலிகள் கூட்டின் சுவர்களைச் சுற்றி வட்டமாக விரைந்து ஓடத் தொடங்கின. பின்னர் அவற்றுட் பல ஒருங்கு கூடி ஓடின. உடலுக்குப் பயிற்சி தரும் இன்பத்தாலா, அழுத்தத்தின் வெளிப்பாடாகவா, செவியின் உள்ளே உடலின் நிலையை உணரும் உறுப்பைத் தூண்டுவதற்காகவா என்று அறிஞர் பல காரணங்களை எண்ணிப் பார்த்துள்ளனர். தரையில் கற்ற பாடம் இங்கும் பயன்படுகின்றது: ஒரு செயலைக் கண்டவுடன் ஒரே காரணத்தைத் துணிந்து கூறுதல் தகாது.

அருளும் அறிவும்

இவ்வாய்வுகளைப் படிக்கும்போது நம் நெஞ்சில் ஒரு கேள்வி எழுதல் இயல்பே. மனிதன் விண்ணில் உலவுவதற்காகச் சிற்றுயிர் ஒன்று வாலில் தொங்கித் துன்புறுதல் முறையா? இக்கேள்வியைப் புறக்கணித்தல் அறிவுடைமை அன்று. இங்கிலாந்து நாட்டு அறிஞர்களாகிய வில்லியம் ரசல், ரெக்ஸ் பர்ச் ஆகிய இருவரும் 1959-ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில் இதனை ஆராய்ந்து மூன்று நெறிகளை வகுத்தனர். உயிர்களை வருத்தாத வேறு வழி இருப்பின் அவ்வழியையே மேற்கொள்க என்பது முதல் நெறி. இயன்ற அளவு குறைந்த எண்ணிக்கையிலேயே உயிர்களைக் கொள்க என்பது இரண்டாம் நெறி. அவற்றின் துன்பம் குறையும் வகையில் ஆய்வுமுறையைச் செம்மை செய்க என்பது மூன்றாம் நெறி. இந்நெறிகள் இன்று பல நாடுகளில் ஆய்வுக்கூடங்களுக்கு வழிகாட்டியாக உள்ளன.

இரண்டு சுண்டெலிகள் உடனுறையும் கூடு மூன்றாம் நெறிக்குத் தக்க சான்று. அக்கூட்டில் தொங்கிய சுண்டெலிகளும் அழுத்தத்திற்கு ஆளாயின என்பதை மறைத்தல் ஆகாது. அவற்றின் குருதியே அதற்குச் சான்று பகர்ந்தது. ஆயினும், தனிமை என்னும் ஒரு துன்பம் அவற்றுக்கு நீங்கியது. அது நீங்கியமையால்தான், மற்றொரு துன்பத்தின் உண்மை வடிவம் ஆய்வாளர் கண்ணுக்குப் புலப்பட்டது. தேவையற்ற வருத்தத்தைச் சுமந்த உயிர் தெளிவான விடையைத் தராது. ஆதலின், உயிரிடத்து அருள் காட்டுதல் அறிவு வளர்ச்சிக்குத் தடை என்று கருதுவோர் இவ்வொன்றை எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

நாம் கொள்ளத்தக்கது

நாளை செவ்வாய்ப் பயணம் மேற்கொள்வோர்க்கு மருந்தும் பயிற்சியும் வகுக்கும் மருத்துவர், இவ்வாய்வுகளால் ஒன்றை உறுதியாக அறிவர். எலும்பைக் காக்க நல்ல தோழமை மட்டும் போதாது, உடற்பயிற்சி வேண்டும். நோய் எதிர்ப்பாற்றலைப் பற்றி எண்ணும்போதோ, உடன் செல்வோரின் உறவையும் ஒரு பொருளாகக் கொள்ளுதல் வேண்டும். சுண்டெலியிடம் கண்டதெல்லாம் மனிதனிடமும் அவ்வாறே நிகழும் என்று கூறிவிட முடியாது. எனினும், எங்கே தேடவேண்டும் என்பதை அது காட்டுகின்றது.

நம் அன்றாட வாழ்விலும் இப்பாடம் பயன்படும். வகுப்பில் பின்தங்கிய மாணவன் ஒருவனைக் கண்டால், “இவன் படிப்பில் கருத்தில்லாதவன்” என்று உடனே கூறிவிடுகின்றோம். அவனுக்குக் கரும்பலகை தெளிவாகத் தெரியாமல் இருக்கலாம். காலையில் உண்ணாமல் வந்திருக்கலாம். பேசிப் பழக ஒரு தோழனும் இல்லாதவனாக இருக்கலாம். இவற்றுள் ஒன்று மற்றொன்றை மறைத்துக்கொண்டு நிற்கவும் கூடும். முப்பது நாள் துணையின்றி இருந்த சிற்றுயிரின் சுரப்பியே பருத்துத் தன் துயரைக் காட்டிற்று என்றால், மனிதக் குழந்தையின் தனிமையை நாம் பொருட்படுத்தாமல் இருத்தல் எங்ஙனம்? காரணங்களைப் பொறுமையோடு பிரித்துப் பார்ப்பதும், நீக்கக்கூடிய துன்பத்தை முதலில் நீக்குவதும் ஆய்வுக்கூடத்துக்கு மட்டும் உரிய நெறிகள் அல்ல. மக்களாய்ப் பிறந்தார் அனைவர்க்கும் உரியவை.

வினாக்கள்

1. விண்வெளி நிலையத்தில் புவியீர்ப்பு இருந்தும் எடையின்மை உண்டாவது எவ்வாறு? பாடத்தில் வரும் எடுத்துக்காட்டைக் கொண்டு விளக்குக.
2. இடர் நேரும்போது மூளை முதல் அட்ரினல் சுரப்பி வரை நிகழ்வனவற்றை நிரல்பட எழுதுக.
3. தரையில் எடையின்மையைப் போன்ற நிலையைச் சுண்டெலிகளுக்கு அமைத்த முறை யாது? அம்முறையில் இருந்த இடர்ப்பாடு யாது?
4. சுண்டெலிகளை நான்கு வகையாகப் பிரித்ததன் பயன் யாது? தனிக் கூட்டுச் சுண்டெலிகளை மட்டும் ஆய்ந்திருந்தால் நேரக்கூடிய பிழை யாது?
5. இயல்பு, தோன்றல், கெடுதல் ஆகிய புணர்ச்சி வகைகளுக்குப் பாடத்தில் இல்லாத எடுத்துக்காட்டு ஒவ்வொன்று தருக.
6. பள்ளித் தோட்டத்தில் செடிகள் வாடுகின்றன. நீர்க்குறைவு காரணமா, நிழல் காரணமா, இரண்டும் காரணமா என்று அறிய நீவிர் எத்தனை பாத்திகள் அமைப்பீர்? ஒவ்வொன்றையும் எவ்வாறு வைப்பீர்? பத்து வரிகளில் எழுதுக.